பயிற்சி மலையேறி வரவேண்டும்

மே மாதம் வந்தால் ஏற்காட்டுக்குச் சர்க்கார் மலையேறி வருகிறது. கோடை விழா, மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி என்று ஊரே அமர்க்களப்படுகிறது. சேலத்திலிருந்து ஏறும் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அந்த நாட்களில் யாருக்கும் தடையாக இருப்பதில்லை. மந்திரிகளின் கார்கள் ஏறுகின்றன. இலாகா அதிகாரிகள் ஏறுகிறார்கள். பூந்தொட்டிகள் ஆயிரக்கணக்கில் ஏறுகின்றன.

பூவைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உழைக்கும் ஜனங்களும் பிள்ளைகுட்டிகளோடு போய்ப் பார்க்கட்டும். நாம் கேட்பது வேறு. கிளியூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் ஒரு தாயின் குழந்தைக்கு ஒன்றரை வயதாகியும் கால் ஊன்றவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழந்தைக்கு வேண்டிய பயிற்சிக்காக மட்டும் தாய்தான் இடுப்பில் பிள்ளையைச் சுமந்துகொண்டு மலையிறங்கிப் போகவேண்டும் என்பது என்ன நியாயம்?

இந்த வாரம் இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் பிரச்னையை ஏதோ பட்டணத்துப் பணக்கார வீட்டு விஷயம் என்றும், தர்ம ஸ்தாபனங்கள் கவனித்துக்கொள்ளும் காரியம் என்றும் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆலைத் தொழிலாளியின் லைன் வீட்டிலும், விவசாயக் கூலியின் குடிசையிலும், மலையாளி ஆதிவாசியின் வீட்டிலும் இந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் வெளியே வருவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம். குழந்தைக்கு நாலு மாதத்தில் கழுத்து நிற்க வேண்டும். ஒன்பது மாதத்தில் பிடிமானமின்றி உட்கார வேண்டும். ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதில் தானாக நடக்க வேண்டும். அம்மா, தா, வா என்று சில சொற்களாவது சொல்ல வேண்டும். இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும். ஒரு குழந்தை கொஞ்சம் முந்தும், ஒரு குழந்தை கொஞ்சம் பிந்தும். ஆனால் ரொம்பவும் பிந்தினால், அல்லது வந்த பேச்சு நின்றுபோனால், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது.

வீட்டில் என்ன நடக்கிறது? "அவன் அப்பனும் அஞ்சு வயசிலேதான் பேசினான்" என்று பாட்டி சொல்கிறாள். சீர் தட்டியிருக்கிறது, மந்திரித்தால் சரியாகும் என்று ஒருவர் சொல்கிறார். சாமி குத்தம் என்று இன்னொருவர். தாயத்து ஏறுகிறது; ஒரு வருஷம் போகிறது. இதற்காகப் பாட்டியைக் கோபித்துக்கொள்ள நாம் தயாராக இல்லை. டாக்டர் இருபது வளைவுக்குக் கீழேயும் பூசாரி அடுத்த தெருவிலும் இருந்தால் ஜனங்கள் யாரிடம் போவார்கள்?

போன அந்த வருஷம்தான் திரும்பி வராது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளை வளரும் வேகம் பின்னால் எந்தக் காலத்திலும் இல்லை. அந்தப் பருவத்தில் கொடுக்கும் பயிற்சி பிடிக்கும் அளவுக்குப் பின்னால் கொடுப்பது பிடிப்பதில்லை. காது கேளாத குழந்தைக்கு அதைக் கண்டுபிடித்துக் கருவி மாட்டினால் பேச்சு வருகிறது. விட்டுவிட்டால் "ஊமை" என்ற பட்டம் வருகிறது. கால் விறைத்த குழந்தைக்கு மூட்டுகளை நாள்தோறும் நீட்டி மடக்கிப் பழக்கினால் நடக்கவோ, குறைந்தபட்சம் நேராக உட்கார்ந்து தன் கையால் சாப்பிடவோ வழி பிறக்கிறது. விட்டுவிட்டால் மூட்டு இறுகிப்போகிறது. எல்லாக் குழந்தைக்கும் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டோம். ஊசி போட்டுக் குணப்படுத்துகிறேன் என்று சொல்லும் வியாபாரிகளையும் நம்பாதீர்கள். ஆட்டிசத்துக்கு 'ஸ்டெம் செல்' சிகிச்சை என்று பணம் பறிப்பதைத் தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் தவறென்று சொல்லிவிட்டது. பயிற்சிதான் வழி. அது மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் வேலை செய்யும்.

இந்தத் தாமதம் பணக்காரக் குழந்தைக்கும் வரும், ஏழைக் குழந்தைக்கும் வரும். ஆனால் குறைமாதப் பிறப்பு, பிரசவ நேரத்தில் மூச்சுத் திணறல், கவனிக்காமல் விட்ட மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல், சத்துக் குறைவு ஆகியவை யார் வீட்டுக் கதவை அதிகம் தட்டுகின்றன என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. 2019-21-ல் சர்க்காரே எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பெண்களுக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட நூற்றுக்கு 57 குழந்தைகளுக்கும் ரத்தசோகை. வயிற்றுப்பாட்டுக் கணக்கு மூளைக் கணக்கிலும் சேர்ந்துவிடுகிறது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை.

2013 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தை ஆரம்பித்தது. ஆரம்பித்த இடம் மகாராஷ்டிரத்தில் பால்கர். வார்லி ஆதிவாசிகள் 1945-ல் செங்கொடி ஏந்திப் பண்ணையடிமைத்தனத்தை எதிர்த்து எழுந்த பூமி அது! திட்டம் நல்ல திட்டம். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பிறவிக் குறைபாடு, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நடமாடும் மருத்துவக் குழு ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையும், ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் ஆண்டுக்கு ஒரு முறையும் போக வேண்டும். கண்டுபிடித்த குழந்தையை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே குழந்தை வைத்தியர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், மனநல ஆலோசகர், சிறப்பு ஆசிரியர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். செலவு முழுவதும் இலவசம்.

மையத்தின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. அது "மாவட்ட" மையம். அதாவது மலையடிவாரத்துக்கும் அப்பால் இருக்கும் பட்டணத்து மையம். தேடுகிற வண்டி மலையேறுகிறது. பயிற்சி பட்டணத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. குறையைக் கண்டுபிடித்துச் சீட்டு எழுதிக் கொடுப்பது ஒரு நாள் வேலை. பயிற்சியோ வாரா வாரம், வருஷக்கணக்கில் நடக்க வேண்டியது. சர்க்கார் ஒரு நாள் வேலைக்கு வண்டி விட்டது. வருஷக்கணக்கான வேலையைத் தாயின் இடுப்பில் ஏற்றிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோட்டக் கூலி நாளொன்றுக்கு 400 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு வரச் சொல்கிறார்கள். காலையில் பஸ் பிடித்து, மலையிறங்கி, வரிசையில் நின்று, முக்கால் மணி நேரப் பயிற்சி முடிந்து, மறுபடி பஸ் ஏறி லைனுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். மாதத்தில் எட்டு நாள் கூலி போயிற்று. எட்டு நாலு முப்பத்திரண்டு: 3,200 ரூபாய். பஸ் காசு, குழந்தைக்குப் பால், தாய்க்கு ஒரு பொட்டலம் சோறு தனி. வீட்டில் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது என்பது எந்தக் கணக்கிலும் வராது. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் எட்டு நாள் வராத ஆளை மேஸ்திரி ஒன்பதாம் நாள் வேலைக்கு அழைப்பாரா என்பது இன்னொரு கேள்வி.

மாநில சர்க்கார் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குக் கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. அதை வாங்கச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு முகாமுக்குப் போக வேண்டும். ஐந்து வயது நிறையாத குழந்தைக்குக் கிடைப்பது தற்காலிகச் சான்றிதழ்தான். பிறகு மறுபடியும் போக வேண்டும். எல்லாம் தாண்டிக் கையில் வரும் 2,000 ரூபாய், இழந்த 3,200-ஐ ஈடுகட்டாது. பக்கத்து ஆந்திரத்தில் 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளிகள் பென்ஷனை 6,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்த அளவுக்காவது கொடு என்று தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சங்கத் தோழர்கள் சாலையில் உட்கார்ந்தும் கைதாகியும் கேட்டுவருகிறார்கள். அவர்கள் கேட்பதில் மிகை ஒன்றுமில்லை.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒன்று இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. பதிவு செய்யத் தகுதியுள்ளவர்கள் தவறாமல் செய்துகொள்ளுங்கள். ஆனால் முதலில் கைப்பணத்தைச் செலவு செய்து, ரசீது அனுப்பி, பிறகு திரும்பப் பெறவேண்டிய காப்பீடு அது. கைப்பணம் உள்ளவனுக்கே காப்பீடு ருசிக்கும்.

ஆகவே தோழர்களே, பிரச்னை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பயிற்சி இலவசம். ஆனால் பயிற்சிக்குப் போகும் நாள் இலவசமல்ல. அந்த நாளின் விலையைத் தாய் கொடுக்கிறாள். கொடுக்க முடியாதபோது மூன்றாம் வாரத்தில் நின்றுவிடுகிறாள். சர்க்கார் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே "வரவில்லை" என்று எழுதிக்கொள்கிறார்கள். அறியாத ஜனங்கள், அக்கறையில்லாத தாய் என்று மகாநாடுகளில் பேசுகிறார்கள்.

ஒரு நாளின் விலை என்ன என்பது மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியாததல்ல. மத்திய சர்க்கார் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு 730 நாள் உண்டு. குழந்தை மாற்றுத்திறனாளியானால் அதன் வயதுக்கு உச்சவரம்பும் கிடையாது. 2024 ஏப்ரலில் ஹிமாசலப் பிரதேசத்தின் சர்க்கார் கல்லூரி ஆசிரியை ஒருவரின் வழக்கில், ஊனமுற்ற குழந்தையின் தாய்க்கு இந்த விடுப்பை மறுப்பது பெண்கள் உழைப்பில் சமமாகப் பங்கேற்கும் உரிமையையே பாதிக்கும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. மிக நல்ல தீர்ப்பு. அந்த ஆசிரியைக்கு நமது வாழ்த்துக்கள். ஆனால் காப்பித் தோட்டத்தில் கூடை தூக்கும் தாயும் தாய்தானே? ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கும் தாயும், நாற்று நடும் தாயும் தாய்தானே? அவர்களுக்கு 730 நாள் வேண்டாம். மாதம் எட்டு நாள் கூலியோடு வேண்டும். எந்தக் கோர்ட்டில் கேட்பது?

சட்டத்தைப் பிரித்துப் படித்தால் இன்னொன்றும் தெரிகிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவு, இலவச மருத்துவ வசதியை "அருகாமையில், குறிப்பாகக் கிராமப்புறத்தில்" தரவேண்டும் என்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. அருகாமை என்றால் என்ன? கிளியூருக்கு அருகாமை முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலா? அதே சட்டத்தின் 27-வது பிரிவு, மறுவாழ்வுப் பணிகளைச் சர்க்கார் தன் "பொருளாதாரச் சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு" செய்யவேண்டும் என்று ஒரு வாலை ஒட்டிவைத்திருக்கிறது. கார்ப்பொரேட் வரியைக் குறைக்கும்போது இப்படி ஒரு வால் எந்தச் சட்டத்திலாவது இருந்ததா? 31-வது பிரிவு இலவசக் கல்வியை ஆறு வயதிலிருந்து தருகிறது. மூளை வேகமாக வளரும் ஆறு வருஷமும் போன பிறகு உரிமை வாசலில் வந்து நிற்கிறது. அதுவரை அந்தக் குழந்தைக்குப் பால்வாடிதான் பள்ளி, ஆயாதான் வாத்தியார்.

சரி, பயிற்சி மலையேறி வரமுடியுமா? பெரிய யந்திரங்கள் வேண்டுமே, நிபுணர்கள் வேண்டுமே என்பார்கள்.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி என்ற ஊர் இருக்கிறது. அங்கே அமர் சேவா சங்கம் என்ற ஸ்தாபனத்தை 1981-ல் ஆரம்பித்தவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அவர் ஆரம்பித்த ஸ்தாபனம் இன்று கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களை வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் வீடுகளுக்கு அனுப்புகிறது. நிபுணர்கள் குழந்தையைப் பார்த்துத் திட்டம் போட்டுக் கொடுக்கிறார்கள். கிராம ஊழியர் வீட்டுக்குப் போய்த் தாயோடு உட்கார்ந்து செய்து காட்டுகிறார். முன்னேற்றத்தைக் கைப்போனில் பதிவு செய்கிறார். நிபுணர் அதைப் பார்த்துத் திருத்துகிறார். நாம் தர்ம ஸ்தாபனங்களைப் புகழ்ந்து எழுதும் பத்திரிகை அல்ல. ஆனால் ஒரு காரியம் நடக்கும் என்று யார் செய்து காட்டினாலும் அதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. ஒரு தனி ஸ்தாபனத்தால் முடிந்தது ஒரு மாநில சர்க்காரால் முடியாதா?

கேரளத்தில் பஞ்சாயத்துக்களே இதைச் செய்கின்றன. 2004-ல் திருவனந்தபுரம் மாவட்டம் வெங்ஙானூர் பஞ்சாயத்தில் முதலாவது 'பட்ஸ்' பள்ளி ஆரம்பமாயிற்று. பிறகு குடும்பஸ்ரீ பெண்கள் அமைப்போடு சேர்ந்து பல பஞ்சாயத்துக்கள் இத்தகைய பள்ளிகளையும் மையங்களையும் நடத்துகின்றன. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மீது எண்டோசல்பான் விஷத்தை ஹெலிகாப்டரில் தெளித்ததால் பாதிக்கப்பட்ட குழந்தைகளும் பட்ஸ் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். தோட்டத்துக்கு லாபம், குழந்தைக்கு ஊனம். அதற்கு எதிராக அங்கே ஜனங்கள் போராடித்தான் இவை வந்தன.

பயிற்சி என்பது பெரும்பாலும் யந்திரமல்ல. சுவர் மூலையைப் போல இரண்டு பலகைகளை அடித்து ஒரு நாற்காலி செய்தால், உட்காராத குழந்தை சாய்ந்து உட்காருகிறது. நம் ஊர்த் தச்சருக்கு அரைநாள் வேலை. இரண்டு மூங்கிலை இடுப்பளவில் நட்டால் நடை பழகும் கம்பி. துணியைச் சுருட்டி மார்புக்குக் கீழே வைத்துக் குப்புறப் படுக்கவிட்டால் கழுத்து உறுதிப்படுகிறது. கண்ணைப் பார்த்துப் பேசுவது, குழந்தை கை நீட்டும்வரை காத்திருந்து கொடுப்பது, ஒரே பாட்டை நாள்தோறும் பாடிக் கடைசிச் சொல்லைக் குழந்தைக்கு விட்டுவைப்பது எல்லாம் பேச்சுப் பயிற்சிதான். ஆனால் எந்தக் குழந்தைக்கு எது, எவ்வளவு, எப்படி என்று சொல்லப் படித்தவர் வேண்டும். தப்பாக இழுத்தால் மூட்டுக்குக் கேடு. அந்தப் படித்தவர் மாதம் ஒரு முறை மலையேறினால், மீதி நாட்களைப் பயிற்சி பெற்ற ஊர்ப் பெண் பார்த்துக்கொள்வாள்.

புரட்சிக்குப் பிந்திய சோவியத் நாட்டில், 1920-களில், அனாதைக் குழந்தைகளும் ஊனமுற்ற குழந்தைகளும் நிறைந்திருந்த பஞ்ச காலத்தில், லெவ் விகோட்ஸ்கி என்ற மனோதத்துவ அறிஞர் இந்தத் துறையில் உழைத்தார். உடம்பில் உள்ள குறையைவிட, அந்தக் குறையின் காரணமாகச் சமூகம் குழந்தையை ஒதுக்கிவைப்பதே அதன் வளர்ச்சியைப் பெரிதும் கெடுக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. 38 வயது நிறையுமுன்னே க்ஷயரோகத்தில் இறந்துபோனார். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் அவரைப் பாடமாக வைக்கின்றன. வீட்டின் உள்ளறையில் கிடக்கும் குழந்தை அக்கம்பக்கத்துக் குழந்தைகளோடு பால்வாடித் திண்ணையில் உட்காருவதே பாதி வைத்தியம் என்பதை அவர் விஞ்ஞானமாக நிறுவினார்.

வண்டியும் ஆளும் இல்லை என்று சர்க்கார் சொல்லமுடியாது. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீடு தேடிப் போகிறது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையும் போகிறது. அந்த வண்டியிலேயே இந்தக் குழந்தைக்கும் ஓர் இடம் கொடுக்கலாம். 2022-ல் உலக வங்கி 16 கோடி 20 லட்சம் டாலர் கடன் கொடுத்த 'உரிமைகள்' திட்டத்தின் பெயரால் மாநில சர்க்கார் 'விழுதுகள்' என்ற சேவை மையங்களைத் திறந்துவருகிறது. கடனை வட்டியோடு அடைக்கப்போவது உழைக்கும் ஜனங்கள். ஆகவே அந்த மையத்தின் வேலை மலைக் கிராமங்களுக்கு எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தப் பயிற்சியாளரோடு வரும் என்று கேட்க நாகலூருக்கும் செம்மநத்தத்துக்கும் மாரமங்கலத்துக்கும் முழு உரிமை உண்டு. அட்டவணையைப் பால்வாடிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

வேலை செய்யும் ஆட்களின் நிலைமை தனிக் கதை. வட்டார வள மையங்களின் சிறப்பு ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில், நிரந்தரமில்லாமல் வீடுவீடாக அலைகிறார்கள். 2023 நவம்பரில் மத்திய சர்க்கார் 'அங்கன்வாடி திவ்யாங் நெறிமுறை' என்று ஒன்றை வெளியிட்டது. ஊனத்தைக் கண்டறிவதையும் கவனிப்பதையும் அங்கன்வாடி ஊழியரின் பொறுப்பில் சேர்த்தது. 1975-ல் அங்கன்வாடித் திட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து அந்த ஊழியரைத் தொழிலாளி என்றுகூட ஒப்புக்கொள்ளாமல் மதிப்பூதியம் கொடுக்கிற சர்க்கார் இது. பொறுப்பைக் கூட்டினால் கூலியையும் கூட்டு, பயிற்சியும் கொடு என்று அவர்கள் கேட்பது நம் குழந்தைகளுக்காகவும் கேட்பதுதான்.

தோட்ட முதலாளிகளை இதில் விட்டுவிட முடியாது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். இருநூறு வருஷமாக இந்த மலையில் காப்பி லாபம் கொடுக்கிறது. நமது சங்கங்கள் போராடிப் பெற்ற 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் நடத்த வேண்டும் என்றது. ஆட்களைக் காண்டிராக்டில் பிரித்துக் காட்டி எண்ணிக்கையைக் குறைப்பது பழைய தந்திரம். இப்போது அந்தச் சட்டமே போய், 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் கரைந்துவிட்டது. தொகுப்பு எதுவானாலும், காப்பகம் இருக்கும் இடத்தில் வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தையைச் சேர்க்க மறுக்கக் கூடாது; பயிற்சி நாள் கூலியைத் தோட்டமும் சர்க்காரும் பகிர்ந்து கொடுக்க வேண்டும்.

கடைசியாக நம்மைப் பற்றியும் சொல்லிக்கொள்ள வேண்டும். நமது சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். கூலி இருக்கிறது, பஞ்சப்படி இருக்கிறது, போனஸ் இருக்கிறது, வீட்டுமனைப் பட்டா இருக்கிறது. இந்தக் குழந்தை இல்லை. மாற்றுத்திறனாளிகள் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று ஒதுங்கிவிட்டோம். மகாநாட்டுக்கு வரும் தோழர் தன் வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருப்பதைப் பத்து வருஷம் கூடவே வேலை செய்யும் தோழரிடம் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. பேச்சுவாக்கில் ஒருவனை "லூசு" என்று திட்டும் பழக்கம் மேடைக்குப் பின்னால் நம்மிடமும் இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். இது நம் குற்றம், ஒளிக்க வேண்டியதில்லை.

ஆகவே ஏற்காட்டு வட்டாரத் தோழர்களுக்கும், மற்ற மலைப்பகுதித் தோழர்களுக்கும் நாம் முன்வைப்பது இது. வரும் கிளைக் கூட்டத்தில் இதைத் தனி விஷயமாக எடுங்கள். பால்வாடி ஊழியரோடு சேர்ந்து வீடுவீடாகப் போங்கள். கணக்கெடுக்க வந்த அதிகாரியைப் போலப் போகாமல், வீட்டுக்கு வந்த உறவுக்காரரைப் போலப் போங்கள். தாய் சொல்வதைக் கேளுங்கள். நடமாடும் குழு கடைசியாக எந்தத் தேதியில் வந்தது, யாருக்குச் சீட்டுக் கொடுத்தது, அவர்களில் யார் எத்தனை முறை மலையிறங்கினார்கள், ஏன் நின்றார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏற்காடு சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே வாரம் ஒரு நாள் முழுப் பயிற்சிக் குழு, தொலைவான கிராமங்களுக்கு வண்டி, பயிற்சிக்குப் போகும் நாளுக்குக் குறைந்தபட்சக் கூலி, உதவித்தொகை 6,000 ரூபாய், சான்றிதழ் முகாம் மலையிலேயே என்று கேளுங்கள். மில் பகுதித் தோழர்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் கூலியோடு கூடிய பயிற்சி நாளைச் சேருங்கள்.

திங்கட்கிழமைதோறும் சேலம் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. மனுவை எடுத்துக்கொண்டு தாய்மார்களோடு போங்கள். மனுவில் ஒவ்வொரு குழந்தையின் வயதையும் மாதக் கணக்கில் எழுதுங்கள். ரசீது வாங்குங்கள். பைல் எத்தனை நாள் மேஜைமேல் கிடந்தது என்று அடுத்த முறை கேட்கும்போது, அந்த மாதங்களைக் குழந்தையின் வயதோடு கூட்டிக் கலெக்டருக்கே படித்துக் காட்டுங்கள்.